ஐப்பசியில் வைத்த கன்று

எங்கள் ஆட்டுப்பட்டிக் குப்பையைக் காசு கொடுத்து வாங்க ஆள் வந்தது 1983-ஆம் ஆண்டுக் கோடையில். எனக்குப் பதினோரு வயது. காக்கிச் சட்டை போட்ட இருவர், ஆளுக்கொரு சைக்கிள், பின்னால் கட்டிய கோணிப்பை. பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "புழுக்கையா? எந்த வயலுக்கு நைனா?" என்றாள்.

"புழுக்கை உனக்கே இருக்கட்டும் பெரிம்மா. அதுல கிடக்கிற கருவேலங்கொட்டைதான் வேணும்."

பாட்டி ஒன்றும் கேட்காமல் பட்டியின் படலைத் திறந்துவிட்டாள். அவளுக்கு இது தெரிந்த சங்கதி. கருவேலங்காயை ஆடு விரும்பித் தின்னும். கொட்டையின் தோல் கெட்டி. மரத்திலிருந்து பறித்து நேரே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் ஊறி, அசைபோடும்போது துப்பப்பட்டதோ புழுக்கையோடு வந்ததோ, முதல் மழைக்கே முளைத்துவிடும். பட்டிக்குப் பின்னால் வருஷா வருஷம் முளைக்கிற கன்றுகளைப் பிடுங்கி எறிவதே அவளுக்கு ஒரு வேலையாக இருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். மரத்தைச் செட்டு என்பார்கள், ஏரியைச் செருவு என்பார்கள். அன்று சாயங்காலம் இரண்டு மொழியிலும் ஒரே பேச்சுதான்: ஏரிக்குள் மரம் வைக்கப் போகிறார்களாம்.

1981-இல் ஸ்வீடன் நாட்டின் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியிருந்தது. விறகுக்காகக் காடு அழிவதைக் குறைக்க, ஏரி உள்வாயிலும் புறம்போக்கிலும் மரம் வளர்ப்பது, வளர்ந்ததை வெட்டி விற்று ஒரு பங்கை ஊராட்சிக்கே கொடுப்பது என்பது அதன் ஏற்பாடு. விறகுப் பஞ்சம் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகு படகாகச் சென்னைக்கு விறகு போன காலத்தைத் தாத்தா பார்த்திருக்கிறார். அந்தத் தீவில் ராக்கெட் தளம் வந்த பிறகு வெட்டு நின்றது. இன்றும் இந்தக் கடற்கரையில் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டில் நல்ல பகுதி அங்கேதான் நிற்கிறது. உள்ளே போய்க் கோடரி வைக்க ஆள் இல்லாததால் நிற்கிறது.

ஏரி காய்ந்திருந்த ஆனியிலேயே வேலை தொடங்கியது. உள்வாயில் மண்ணை வெட்டி, இடுப்புயரத்துக்கு வட்ட வட்டமாக மேடு போட்டார்கள். கூலி ஊர்க்காரர்களுக்கே. மேடு போட்டதும் விதைத்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். இல்லை, காத்திருந்தார்கள். ஆடி போனது, ஆவணி போனது. ஐப்பசியில் மழை இரண்டு நாள் விடாமல் பிடித்து, மேட்டு மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்த பிறகுதான் மேட்டுக்கு நாலைந்து கொட்டையாக ஊன்றினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் கூட்டிப்போனார்கள். நான் ஊன்றியது கலங்கல் பக்கம் மூன்று மேடு. கார்த்திகையில் ஏரி நிரம்பியபோது மேடுகள் தீவுத் தீவாக நின்றன. கருவேலுக்குத் தண்ணீரில் நிற்பது பயமில்லை. இரண்டு மூன்று மாதம் கால் நனைந்திருந்தாலும் அழுகாது. தை பிறந்து தண்ணீர் இறங்கியபோது மேட்டுக்கு மேடு ஒரு சாண் பச்சை.

ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பாட்டிக்குக் கோபம். ஏரி வற்றும் பங்குனி, சித்திரையில் உள்வாய்ப் புல்தான் ஆடு மாட்டுக்குச் சோறு. மூன்று வருஷத்துக்கு ஆடு உள்ளே வரக்கூடாது என்று காவல் போட்டுவிட்டார்கள். காவலாளும் எங்கள் தெருக்காரர்தான். பாட்டிக்கு அவர் முறைக்குத் தம்பி. "என் பட்டி கொட்டையைக் கொண்டுபோய் வச்சிட்டு என் ஆட்டையே தொரத்துறியா?" என்று கரையில் நின்று அவரோடு சண்டை பிடித்தாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். மேய்ச்சல்காரர்களுக்கு மாற்று வழி சொல்லாமல் உள்வாயை அடைத்தது அந்தத் திட்டத்தின் குறை. ஆனாலும் காவல் இருந்தது. ஒரு மனிதர், ஒரு கழி, மாதச் சம்பளம், மூன்று கோடை. நான் பார்த்த மர நடவுகளில் அப்படி ஒரு காவலை அதன் பிறகு கண்டதில்லை.

நாலாம் வருஷம் பாட்டியின் கோபம் தணிந்தது. ஆடுகளை உள்ளே விட்டார்கள். மரத்தடியில் உதிர்ந்த காய் கோடை முழுக்க ஆட்டுக்குத் தீனியானது. வேலிக்கு முள், அடுப்புக்குச் சுள்ளி, கலப்பைக்குக் கட்டை என்று ஆளுக்கொரு பயன். மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் அடையத் தொடங்கின. சூலூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா கூடு கட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். எங்கள் ஏரிக்கு அந்தப் பெருமை இல்லை. ஆனாலும் காலையில் கரைமேல் நடந்தால் எச்ச வாடையும் சத்தமுமாக இருக்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் குறைவாகப் போட்டால் போதும் என்பார் தாத்தா. மரம் ஏலம் போனபோது நான் கல்லூரியில் இருந்தேன். ஊராட்சிக்கு வந்த பங்கில் குடிநீர்க் கிணற்றைத் தூர்வாரி உறை இறக்கியதாக அப்பா கடிதம் எழுதியிருந்தார்.

அந்த நாளில் எங்கள் ஊருக்கு இன்னொரு மரவரிசையும் உண்டு. ஜி.என்.டி. ரோட்டின் இரு பக்கமும் புளிய மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து எண் எழுதியிருக்கும். வருஷா வருஷம் புளி ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் உலுக்கிக்கொண்டு போனபின் கிளையில் தங்கியதெல்லாம் எங்களுக்கு. ஆந்திராவுக்குப் போகும் லாரிகள் நிழலில் ஒதுங்கும். ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பார்கள். நுங்கு வெட்டுகிறவர்கள் மரத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். இந்தச் சாலை நான்கு வழியாகி, ஆறு வழியானபோது அந்த வரிசை போய்விட்டது. இன்று நுங்குக்காரர்கள் நாலு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு உட்கார்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குத் தார்ப்பாயின் கீழே கை வைத்துப் பாருங்கள், சுடும். இலைக்குக் கீழே அப்படிச் சுடாது. இலை தண்ணீரை ஆவியாக விட்டபடியே இருக்கும். அந்தக் குளிர்ச்சியைத் தார்ப்பாயால் தர முடியாது.

தொழிற்பேட்டையை நான் குறை சொல்லமாட்டேன். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. என் மாமா அங்கே இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்த்தார். நானும் இருபத்தாறு வருஷம் ஷிப்டு பார்த்துத்தான் வீடு கட்டினேன். ஆனால் காலையில் மொட்டை மாடியில் காய்ந்த துணியை உதறினால் கரி பறக்கிற ஊரில் மரம் என்பது அழகுக்கு வைக்கிற பொருளாக இருக்க முடியாது.

மேற்கே தேர்வாய் கண்டிகையில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. அங்கே 1,127 ஏக்கரில் சிப்காட் வளாகம் வந்தது. 2009-இல் மிச்செலின் டயர் ஆலைக்கு ஒப்பந்தம் ஆனது. ஊர் மக்கள் அதைத் தாங்கள் காத்த காடு என்றார்கள். ஆடு மாடும் விறகும் மூலிகையும் ஏரிக்கு வரும் தண்ணீரும் அதை நம்பித்தான் என்றார்கள், போராடினார்கள். ஆவணத்தில் அது மேய்க்கால் நிலம். நிற்கிற மரத்தைப் பதிவேட்டில் ஏற்றி வைக்காவிட்டால் கேட்க வருகிற நாளில் அது வெறும் நிலமாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், புதிதாக வந்த ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தந்தபோது வளாகத்தில் 33 சதவீதம் பசுமை வளையம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். நல்ல நிபந்தனை. மதிலுக்கு உள்ளே அது நன்றாகவே வளர்கிறது, சொட்டுநீர்க் குழாயும் தோட்டக்காரரும் இருப்பதால். ஆடு மேய்க்கிறவருக்கு அந்த மரத்தில் ஒரு சுள்ளியும் கிடையாது.

மதிலுக்கு வெளியேயும் நடுகிறார்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போன நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழலும் அதில் சேரும். எங்கள் ஊர் இணைப்புச் சாலையிலும் ஒரு நிறுவனம் நூறு கன்று நட்டது. ஜூன் 5. பந்தல், மோர், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொப்பி. வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஓர் இளம் பெண் அதிகாரி மண்டி போட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளினார், எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பைகளை மட்டும் அவசரத்தில் சரியாகக் கிழிக்கவில்லை. நாள்பட்ட கன்றின் வேர் பைக்குள் சுருட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்துவிடாமல் புதைத்தால் மண்ணுக்குள்ளும் அது சுற்றிக்கொண்டேதான் கிடக்கும். பத்து நாள் டேங்கர் வந்தது. பிறகு வரவில்லை. மேற்கிலிருந்து அனல் காற்று அடிக்கிற மாதம் அது. ஆடிப்பெருக்கன்று எண்ணினேன், பதினேழு உயிரோடு இருந்தன. மறு வருஷம் அதே குழிகளில் மறுபடி நட்டார்கள். இன்னொரு நிறுவனம் மார்ச் மாதம் நட்டது. கணக்கு வருஷம் 31-ஆம் தேதி முடிகிறது, அதற்குள் செலவு காட்ட வேண்டும் என்றார் உடன் வந்தவர்.

இந்த ஜூன் 5 எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள். அதே ஸ்வீடன்! அங்கே ஜூன் மாதம் பனி உருகி முடிந்து, பகல் நீளமாக இருக்கும். செடிக்கு அதுதான் காலம். நம் நாட்டு வன மகோத்சவத்தை 1950-இல் கே.எம். முன்ஷி தொடங்கி வைத்தார். அது ஜூலை முதல் வாரம். தென்மேற்குப் பருவமழை வடக்கே போய்ச் சேருகிற வாரம். எங்களுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஐப்பசியில் வைத்த கன்றுக்கு இரண்டு மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். மார்கழி, தைப் பனியில் வேர் இறங்கும். சித்திரை வெயில் வரும்போது அதற்கு ஆறு மாத வயது. ஜூனில் வைத்ததற்குப் பெருமழை வருமுன் நாலு மாதம் ஆள் ஊற்றியாக வேண்டும். அதே ஸ்வீடன் காசில் 1983-இல் நடந்த வேலை ஐப்பசி வரை காத்திருந்தது. எங்கள் மழை எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் அதை நடத்தினார்கள்.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியபோது எனக்கு அதனால்தான் நம்பிக்கை வந்தது. மாநிலப் பரப்பில் 33 சதவீதம் பசுமை என்பது பெரிய இலக்கு. தொடங்கிய மாதம் புரட்டாசி. இதை எங்கள் கிராம சபையில் எழுந்து நின்று சொன்னேன். நட வருகிறவர் யாராக இருந்தாலும் ஐப்பசியில் வரச் சொல்லுங்கள், ஜூனில் வருபவருக்குக் குழி வெட்டும் வேலையைக் கொடுங்கள் என்றேன். சிலர் தலையாட்டினார்கள்.

என்ன மரம் என்பதை 2016 டிசம்பர் 12 எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது. அன்றுதான் வர்தா புயல். மறுநாள் தெருவில் குறுக்கே கிடந்தவை பெரும்பாலும் செம்மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும். சீக்கிரம் வளரும், பூக்கும், நிழல் தரும் என்று வாங்கி வைத்தவை. வேர் மேலாக ஓடும், கட்டை மெது. எங்கள் வீட்டுப் பூவரசு கிளை இழந்தது, சாயவில்லை. ஏரிக்கரைப் பனையில் ஒன்றுகூட விழவில்லை. கிழக்கே சுண்ணாம்புகுளம் பக்கம் போகப் போகக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். அந்த மண்ணுக்குப் பூவரசு, புங்கன், புன்னை, பனை. பூவரசுக்குக் கன்றுகூட வேண்டாம், மழைக்காலத்தில் கிளையை வெட்டி ஊன்றினால் தழைக்கும். புங்கனை ஆடு கடிக்காது, வேலிச் செலவு மிச்சம்.

சொல்ல வேண்டிய இன்னொரு நாள் 2017-இல். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு, மாநிலம் முழுக்க ஜே.சி.பி. இறங்கிய சமயம். எங்கள் ஏரிக்கும் ஒன்று வந்தது. சீமைக் கருவேலம் உள்வாயை அடைத்துக் கிடந்தது உண்மை. ஆனால் ஏலத்துக்குப் பிறகு துளிர்த்தும் உதிர்ந்த கொட்டையில் முளைத்தும் நின்ற நாட்டுக் கருவேலையும் இயந்திரம் சேர்த்தே பிடுங்கிக்கொண்டிருந்தது. கலங்கல் பக்கம் ஓடினேன். ஓட்டுநர் ஜார்க்கண்ட் பையன். இரண்டு காயையும் அவன் கையில் வைத்துக் காட்டினேன். நாட்டுக் கருவேல் காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே நெரிந்திருக்கும், பூ மஞ்சள் உருண்டை. சீமைக் காய் பட்டையாக நீண்டிருக்கும், பூ வாலாகத் தொங்கும். அவன் இறங்கிவந்து தடவிப் பார்த்தான். "எங்க ஊர்லயும் இது இருக்கு, பபூல்" என்று இந்தியில் சொன்னான். அதன் பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினான். இருபத்திரண்டு மரம் தப்பியது.

பேருந்து நிறுத்தத்தில் இன்று ஒரு புங்கன் நிற்கிறது. ஜூன் 5-இல் நட்ட நூறில் ஒன்று. பிழைத்ததற்குக் காரணம் எதிரே டீக்கடை போட்டிருக்கிற அக்கா. கண்ணாடி டம்ளர் கழுவுகிற தண்ணீரை நாலு வருஷமாக அதன் காலில் ஊற்றினார். இப்போது அதன் நிழலில் மூன்று பெஞ்சு. ஷிப்டு முடிந்து வருகிற ஒடிசா, பீகார்ப் பையன்கள் அங்கேதான் உட்கார்ந்து வீட்டுக்கு போன் பேசுகிறார்கள். கர்நாடகத்தில் ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடையே 385 ஆலமரங்களை வளர்த்த சாலுமரத திம்மக்கா குடத்தில் தண்ணீர் சுமந்தார். கென்யாவில் 1977-இல் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமை வளைய இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குப் பிழைத்த கன்றின் கணக்குப்படி காசு கொடுத்தது. நட்ட கணக்குக்கு அல்ல. அவர்கள் எண்ணியதுபோல நாமும் எண்ணியிருந்தால், எங்கள் சாலையின் கதை வேறாக இருந்திருக்கும்.

போன புரட்டாசியில் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றினோம். 2021-இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை என்று அறிவித்ததும், ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக்கூடாது என்றதும் எங்களுக்குத் துணையாக இருந்தன. கொட்டைக்குச் செலவே இல்லை, நுங்குக்கு வெட்டாமல் விட்ட குலைகள் பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்கினோம். பனைக்குச் சல்லி வேர், கரையைப் பிளக்காது, பின்னிப் பிடித்துக்கொள்ளும். நூறு நாள் வேலைப் பெண்கள் ஆறடிக்கு ஒரு குழியாக எடுத்தார்கள். என் பாட்டி வயதில் ஒருத்தி, "கிழங்கு தோண்டுற பசங்களை யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டாள். சரியான கேள்வி. முளைத்த மூன்றாம் மாதம் கிழங்குக்காகத் தோண்டிவிட்டால் அத்தனையும் வீண்.

அதனால் பத்துப் பத்தாகப் பிரித்து வீட்டுக்கு வீடு பெயர் எழுதினோம். ஏரிக்குப் பக்கத்தில் ஆடு வைத்திருக்கிற வீடுகளுக்கு முதலில். அவர்களைத் தள்ளி வைத்துக் கரையைக் காக்க முடியாது என்பதை எனக்கு 1983-லேயே காட்டியது பாட்டிதான். நாற்பதாம் எண் வரை எழுதியபோது ஒரு சிறுமி, எட்டு வயதிருக்கும், அம்மா பெயர் வேண்டாம், என் பெயரை எழுதுங்கள் என்று நின்றாள். எழுதினேன். நாற்பத்தொன்று முதல் ஐம்பது.

"எப்போ காய்க்கும் தாத்தா?"

பதினைந்து வருஷமாவது ஆகும் என்றேன். அது வரைக்கும் ஆணா பெண்ணா என்றும் தெரியாது, ஆண் பனை நுங்கு தராது என்றேன். விரலில் எண்ணிப் பார்த்தாள்.

"காய்ச்சா நுங்கு எனக்கா, பஞ்சாயத்துக்கா?"

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊராட்சித் தலைவரும் இருந்தார். அதுவரை அதை யாரும் பேசவில்லை. அங்கேயே கரையில் உட்கார்ந்து பேசி, காய் பார்த்துக்கொள்கிறவருக்கு, மரம் ஊருக்கு என்று முடிவு செய்து, அடுத்த கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் அவளுடைய பத்து எண்ணையும் சேர்த்து எழுதி வைத்தோம்.